எதுவும் நிலையாக நிற்காத இடத்தில் பிக்கோமீற்றரை அளப்பது எப்படி?

முல்லைத்தீவுப் பக்கமிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது:

"சேர், லைகோவில் கண்ணாடிகளுக்கு இடையிலான தூரத்தை அசையாமல் பிடித்து வைத்துத்தான் ஈர்ப்பலையை அளக்கிறார்கள். லீசாவில் மூன்று விண்கலங்களும் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் விலகியும் நெருங்கியும் போகும் என்று வாசித்தேன். சூரிய வெளிச்சமே அவற்றைத் தள்ளுமாம். அப்படியென்றால் அணுவைவிடச் சிறிய மாற்றத்தை எப்படி அளப்பார்கள்? அதைவிட நிலத்திலேயே இன்னும் நீளமாக ஒன்று கட்டலாமே, எங்கள் பக்கம் எவ்வளவு வெறும் தரை கிடக்கிறது!"

(ஈர்ப்பலை என்பது வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு பரவும் அலை. லைகோ அமெரிக்காவில் நிலத்தில் இயங்கும் ஈர்ப்பலைக் கருவி, லீசா ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் மூன்று கலங்களால் விண்வெளியில் அமைக்கவிருப்பது.)

பிள்ளை, கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குள்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காட்டை ஒட்டி ஒரு தலையீட்டுமானி (இரண்டு நீண்ட கைகளில் போய்வரும் லேசர் ஒளிகளைச் சேர்த்து, கை நீளங்களின் மாற்றத்தை அளக்கும் கருவி) கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தொல்லை நில அதிர்வு. முல்லைத்தீவுக் கரையில் அடிக்கும் அலை சில செக்கன் ஆவர்த்தன காலத்தில் தரையை ஓயாமல் மெல்லக் குலுக்கிக்கொண்டே இருக்கும். உலகத்தில் எந்தக் கடலுக்கும் இது பொருந்தும், உள்நாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப் போனாலும் அந்த நடுக்கம் பதிவாகும். சரி, கண்ணாடியை ஊசலில் தொங்கவிடலாம், ஊசலுக்குக் கீழே இன்னோர் ஊசல் போடலாம். லைகோ செய்வது அதைத்தான். 2015 செப்டெம்பர் 14 இல் முதல் ஈர்ப்பலையைப் பிடித்ததும் அப்படித்தான். ஆனால் 10 ஹேர்ட்ஸுக்குக் கீழே போகப்போக அந்த வித்தையும் கைகொடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஈர்ப்பை எதைக்கொண்டும் மறைக்க முடியாது. ஏ9 வீதியில் 20 தொன் எடையுள்ள ஒரு டிப்பர் போகிறது, உங்கள் கண்ணாடி அதிலிருந்து 100 மீற்றர் தள்ளி இருக்கிறது. நியூற்றனின் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: டிப்பர் அந்தக் கண்ணாடியைத் தன் பக்கம் இழுக்கும் ஆர்முடுகல் ஏறத்தாழ 1.3 × 10⁻¹⁰ மீ/செ². தரை துளியும் அதிராவிட்டாலும், வெற்றிடக் குழாய் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இந்த இழுப்பு நிற்காது. பத்து மீற்றர் தூரத்தில் 300 கிலோ மாடொன்று மேய்ந்தால் அது இதையும்விடக் கூட, 2 × 10⁻¹⁰. லீசாவில் சோதனைத் திணிவின்மேல் (லைகோவின் கண்ணாடிபோல, தூரத்தை அளக்க உள்ளே வைத்திருக்கும் திணிவு) படலாம் என்று அனுமதிக்கும் தேவையற்ற ஆர்முடுகல் 3 × 10⁻¹⁵ மீ/செ² அளவுதான் (கண்டிப்பாகச் சொன்னால் இது மீடிறனில் ஒரு ஹேர்ட்ஸ் அகலத்துக்கான கணக்கு, இங்கே அளவின் தரம் தெரிந்தால் போதும்). டிப்பரின் இழுப்பு அதைப்போல நாற்பதாயிரம் மடங்கு. வீதியை மூடி, மாடுகளைக் கட்டி வைத்தாலும் வாடைக்காற்றுக் காலத்தில் தலைக்கு மேலே நகரும் காற்றின் அடர்த்தி மாறும், அதுவும் இழுக்கும். கைகளை 4 கிலோமீற்றரிலிருந்து 40 ஆக்கினாலும் மிக மெதுவான அலைகளுக்கு இந்த மதில் அப்படியே நிற்கும்.

மெதுவான அலைகள் ஏன் வேண்டும்? லைகோ கேட்பது சூரியனைப்போலச் சில பத்து மடங்கு திணிவுள்ள கறுந்துளைகளின் கடைசி நொடிகளை. விண்மீன் மண்டலங்களின் நடுவே இருக்கும் இலட்சக்கணக்கான சூரியத் திணிவுள்ள கறுந்துளைகள் இணையும்போது வரும் அலையின் ஆவர்த்தன காலம் நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் இருக்கும். நம் பால்வீதியிலேயே எச்.எம். கான்க்ரி என்ற வெண்குள்ள இரட்டை (எரிந்து அடங்கிச் சுருங்கிய இரண்டு விண்மீன்கள்), 321 செக்கனுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. லீசாவின் எல்லை 0.1 மில்லிஹேர்ட்ஸிலிருந்து 1 ஹேர்ட்ஸ் வரை. அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரத்திலிருந்து ஒரு செக்கன் வரை.

இந்த நேர எல்லையை மனதில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லீசாவின் கைகள், அதாவது கலத்துக்குக் கலம் உள்ள தூரம், ஒவ்வொன்றும் 25 இலட்சம் கிலோமீற்றர். வருடத்தில் ஒரு வீதம் அளவு, அதாவது 25,000 கிலோமீற்றர்போலக் கூடிக் குறையும். கேட்கப் பயங்கரமாக இருக்கிறது, ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் வழுவழுப்பான மாற்றம். கெப்லரின் விதிப்படி போகிற போக்கு. மூன்று மணி நேரத்துக்குள் நெளிவு விழாதவரை அது அலையோடு குழம்பாது. ஆகவே இங்கே நிலைத்தன்மை என்று சொல்லும்போது, செக்கனிலிருந்து சில மணி நேரம் வரையான எல்லைக்குள் எதுவும் ஒழுங்கில்லாமல் உதறக்கூடாது என்பதைத்தான் கேட்கிறார்கள். கை எவ்வளவு நீளம் என்பதோ, அந்த நீளம் மாறுகிறதா என்பதோ இரண்டாம் பட்சம். உங்கள் கேள்விக்கு முதற்பாதி விடை இதுதான்.

அடுத்தது சூரியன் தள்ளுவது. நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. பூமியின் தூரத்தில் சூரிய ஒளி ஒரு சதுரமீற்றருக்கு 1361 வாட். அதை ஒளியின் வேகத்தால் பிரித்தால் 4.5 மைக்ரோபாஸ்கல் அமுக்கம். பத்துச் சதுரமீற்றர் முகப்பு, இரண்டாயிரம் கிலோ திணிவு என்று கலத்துக்கு ஒரு தோராயம் போட்டால் 2 × 10⁻⁸ மீ/செ² வருகிறது. அனுமதித்த அளவைப்போல எழுபது இலட்சம் மடங்கு. இதில் அந்த ஒளி சீராகவும் வருவதில்லை.

தீர்வு என்னவென்றால், கலத்தை அளப்பதையே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பொன்னும் பிளாற்றினமும் கலந்த, 46 மில்லிமீற்றர் பக்கமுள்ள, ஏறத்தாழ இரண்டு கிலோ நிறையுள்ள இரண்டு கனசதுரங்கள் இருக்கும். அளக்கப்படும் திசையில் அவற்றை எதுவும் தொடுவதில்லை. அவை சூரியனைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கின்றன. கலத்தின் வேலை அவற்றை மறைத்துக் காப்பது மட்டும்தான். அம்மன் வீதியுலா வரும்போது குடை பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் சிலையைத் தொடமாட்டார். அது போகிற போக்கைப் பார்த்துப் பார்த்துத் தானும் நகர்வார், வெயில் குடையில் விழும். அதேபோலக் கனசதுரம் கூட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று கொள்ளளவ முறையிலும் லேசராலும் பார்த்துக்கொண்டே, மைக்ரோநியூற்றன் அளவில் வாயுவைப் பீச்சும் சிறு உந்திகளால் கலம் தன்னைத் திருத்திக்கொள்ளும். சுற்றிலும் உள்ள இடைவெளி சில மில்லிமீற்றர்தான். பின்னால் கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் பொறியியல் படிக்கப் போனால் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் என்று ஒரு பாடம் வரும், அதன் மிகக் கடினமான பயிற்சிக் கணக்குகளில் ஒன்றாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியும் கலம் நனோமீற்றர் கணக்கில் ஆடும். அதனால்தான் ஒரு கையை மூன்று துண்டாக அளக்கிறார்கள்: இந்தக் கனசதுரத்திலிருந்து இந்தக் கலத்தின் ஒளியியல் மேசைக்கு (லேசர் ஒளியைக் கையாளும் பாகங்கள் பொருத்திய தட்டு), அங்கிருந்து எதிர்க் கலத்தின் மேசைக்கு, பிறகு அந்த மேசையிலிருந்து அதன் கனசதுரத்துக்கு. மூன்றையும் கூட்டும்போது கலங்களின் ஆட்டம் கழிந்துபோகும்.

இனி எஞ்சுவது கனசதுரத்தின்மேல் நேரடியாகப் படும் நுண்விசைகள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது. இங்கே பெரிய பெரிய கொள்கைகளைவிடத் தூசி, வாயு, மின்னேற்றம் என்று மேசைமேல் கிடக்கும் பௌதிகம்தான் ஆட்சி செய்கிறது. இதைப் பரிசோதிக்கவென்றே ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2015 டிசம்பர் 3 இல் லீசா பாத்ஃபைண்டர் என்ற கலத்தை அனுப்பியது. 25 இலட்சம் கிலோமீற்றர்க் கையை 38 சென்ரிமீற்றராகச் சுருக்கி, இரண்டு கனசதுரங்களையும் ஒரே கலத்துக்குள் வைத்தார்கள். கை இவ்வளவு குட்டை என்றால் ஈர்ப்பலை தெரியாது. ஆனால் தேவையற்ற விசைகள் அத்தனையும் தெரியும், அதுதான் நோக்கமும்.

அங்கே கண்டவற்றில் முதலாவது, எஞ்சிய வாயு. கூட்டை விண்வெளிக்குத் திறந்துவிட்டாலும் உலோகத்திலிருந்தும் கம்பி உறைகளிலிருந்தும் மூலக்கூறுகள் கசிந்துகொண்டே இருக்கும். அவை கனசதுரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மோதுவது நீங்கள் படித்த பிரௌனியன் இயக்கமேதான். மாதங்கள் போகப்போகக் கசிவு குறைந்தது, இரைச்சலும் கூடவே இறங்கியது. வெப்பநிலையைத் தாழ்த்தியபோது இன்னும் குறைந்தது. 2016 ஜூனில் அறிவித்த முதல் பெறுபேறு 5.2 × 10⁻¹⁵. 2018 பெப்ரவரியில் வெளியான இறுதிப் பெறுபேறு, 2 மில்லிஹேர்ட்ஸுக்கு மேல் 1.74 × 10⁻¹⁵. லீசாவுக்குத் தேவையானதைவிட இது நல்ல அளவு. கலம் கட்டுமுன் இதை எதிர்பார்த்தவர்கள் அதிகம் பேர் இருந்திருக்கமாட்டார்கள்.

அடுத்து மின்னேற்றம். அண்டக் கதிர்கள் கலத்தின் சுவரைத் துளைத்து வந்து கனசதுரத்தில் நேரேற்றத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றன, செக்கனுக்கு இலத்திரனின் ஏற்றத்தைப்போல இருபது மடங்குக்குச் சற்று மேல். சொற்பம்தான், ஆனால் நாட்கணக்கில் சேர்ந்தால் கூட்டுச் சுவரின் சிதறிய மின்னழுத்தங்கள் அதைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். கம்பி கட்டி நிலத்துக்கு இறக்கிவிடலாம் என்று பார்த்தால், கம்பியே ஒரு விசை. எனவே புறஊதா ஒளியை அடிக்கிறார்கள். உங்கள் பாடத்தில் இருக்கும் அதே ஒளிமின் விளைவு, கூட்டிலிருந்தோ கனசதுரத்திலிருந்தோ இலத்திரன்களைக் கிளப்பி ஏற்றத்தைச் சமப்படுத்துகிறது. தொடாமல் மின்னிறக்கம் செய்ய இதைவிட அழகான வழி எனக்குத் தோன்றவில்லை.

காந்தப்புலத்தால் இழுபடாத விகிதத்தில் பொன்னையும் பிளாற்றினத்தையும் கலப்பது, கலத்தின் சொந்த ஈர்ப்பே கனசதுரத்தை இழுக்காதபடி எல்லாப் பாகங்களின் திணிவையும் இடத்தையும் கணக்கிட்டு எடைக்கட்டி வைப்பது, இவையும் உண்டு. உந்திகளின் வாயு செலவாகச் செலவாக அந்த ஈர்ப்புச் சமநிலை மெல்ல நகர்வதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். மேசை சிரோடூர் என்ற, வெப்பத்துக்கு விரியாத அளவுக்கு அருகில் நிற்கும் கண்ணாடிப்பீங்கானால் ஆனது. ஆனால் உண்மையான வெப்பக் காவல் பொருளில் இல்லை, பாதையில் இருக்கிறது. மூன்று கலங்களின் முக்கோணம், பூமிக்கு ஏறத்தாழ ஐந்து கோடிக் கிலோமீற்றர் பின்னால், சூரியப் பாதைத் தளத்துக்கு 60 பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றும். இதனால் ஒவ்வொரு கலத்திலும் சூரிய ஒளி வருடம் முழுவதும் ஒரே கோணத்தில் விழும். இரவு இல்லை, கிரகணம் இல்லை. சீனாவின் தியான்சின் திட்டம் பூமியைச் சுற்றும் பாதையைத் தேர்ந்திருக்கிறது. தரவு அனுப்புவது அங்கே சுலபம், ஆனால் சூரியக் கோணம் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு லீசாவின் பாதையே கூடுதல் பாதுகாப்பாகப் படுகிறது.

இனி லேசர். நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது பலர் திடுக்கிடும் இடம் இது. லீசாவில் கண்ணாடியால் ஒளியைத் திருப்பி அனுப்புவதே இல்லை. 30 சென்ரிமீற்றர்த் தொலைநோக்கியால் ஏறத்தாழ 2 வாட் ஒளியை அனுப்பினாலும் 25 இலட்சம் கிலோமீற்றரில் கற்றை பல கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். எதிர்த் தொலைநோக்கியில் விழுவது சில நூறு பிக்கோவாட். 500 என்று வைத்தால், அனுப்பியதில் நானூறு கோடியில் ஒரு பங்கு. அதைத் தெறிக்கவிட்டால் திரும்பும்போது இன்னொரு நானூறு கோடியால் பிரிக்க வேண்டும், செக்கனுக்கு ஒரு போட்டோன்கூட வந்து சேராது. ஆகவே எதிர்க் கலம் தன் சொந்த லேசரை வந்த ஒளியின் அவத்தையோடு (அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதோடு) பூட்டி, புதிதாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த 500 பிக்கோவாட்டில் செக்கனுக்கு 270 கோடி போட்டோன்கள். அவை தாறுமாறாக வந்து சேர்வதாலேயே மூன்று நான்கு பிக்கோமீற்றர் இரைச்சல் விழும், வேறு இழப்புகளால் இன்னும் கூடும். ஒரு கைக்கு ஒட்டுமொத்தமாக ஒதுக்கியிருப்பது பத்துப் பதினைந்து பிக்கோமீற்றர், ஐதரசன் அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய பத்திலொன்று.

கலங்கள் ஒன்றையொன்று நோக்கிச் செக்கனுக்குப் பத்து மீற்றர்போல நகர்வதால் டொப்ளர் விளைவும் உண்டு. 10 ஐ 1064 நனோமீற்றரால் பிரியுங்கள், 9.4 மெகாஹேர்ட்ஸ். வந்த ஒளியும் உள்ளூர் ஒளியும் இந்த மீடிறனில் அடிப்புகளை எழுப்பும். அந்த அடிப்பின் அவத்தையை ஒரு சுற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குவரை அளந்தால் ஒரு பிக்கோமீற்றர் கைக்கு வந்துவிடும். அடிப்பை எண்ணும் கடிகாரம் நடுங்கினால் அதுவும் இரைச்சலாகும் என்பதால், கடிகாரத்தின் துடிப்பையும் அதே லேசரில் ஏற்றி மற்றக் கலத்துக்கு அனுப்பி ஒப்பிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய இரைச்சல் லேசரின் மீடிறன் நடுக்கம். மைக்கல்சன் அமைப்பில், அதாவது லைகோபோல ஒரே லேசரை இரு கைகளுக்கும் பிரித்து அனுப்பும் அமைப்பில், இரு கைகளும் சமமாக இருந்தால் லேசர் நடுங்கினாலும் பரவாயில்லை, இரு பக்கமும் ஒரே நடுக்கம் திரும்பி வந்து கழிந்துவிடும். லீசாவில் கைகள் சமமில்லை. மிக நல்ல ஒளியியல் குழியில் (மாறாத இடைவெளியில் எதிரெதிரே வைத்த கண்ணாடிகள்) பூட்டிய லேசரின் நடுக்கம் 30 ஹேர்ட்ஸ் அளவு, மொத்த மீடிறன் 2.8 × 10¹⁴. அதாவது பத்து இலட்சம் கோடியில் (10¹³) ஒரு பங்கு. கைகளின் வித்தியாசம் 25,000 கிலோமீற்றர் என்றால் 2.7 மைக்ரோமீற்றர் பொய் அசைவு. நமக்கு வேண்டியதைவிட இரண்டரை இலட்சம் மடங்குக்கு மேல்.

மாசிமோ டின்டோ, ஜோன் ஆர்ம்ஸ்ட்ரோங் இருவரும் 1999 இல் இதற்கு ஒரு வழி கொடுத்தார்கள். ஒளிகளை அங்கேயே தலையிட வைக்காமல், ஒவ்வொரு இணைப்பின் அவத்தையையும் நேரக் குறிப்போடு தனித்தனியே பதிந்து பூமிக்கு அனுப்புங்கள். கணினியில் ஒரு கற்றை முதலாம் கைக்குப் போய்வந்து பிறகு இரண்டாம் கைக்குப் போவதாகவும், மற்றக் கற்றை இரண்டாம் கைக்கு முதலில், முதலாம் கைக்குப் பிறகு போவதாகவும் தாமதங்களை ஒட்டிக் கூட்டுங்கள். இரண்டு கற்பனைக் கற்றைகளும் நடந்த மொத்தத் தூரம் இப்போது சமம். லேசர் நடுக்கம் கழிந்துவிடும், ஈர்ப்பலை கழியாது. போகும்போதே கை நீளம் மாறுகிறதே என்று கேட்பீர்கள். அதற்கு 1-2-2-1 என்றும் 2-1-1-2 என்றும் இரட்டிப்பாக நடக்கவிடுகிறார்கள், எஞ்சும் பிழை புறக்கணிக்கும் அளவுக்கு இறங்கிவிடும்.

இதைச் செய்யக் கை நீளம் எவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டும்? நீளத்தில் ஒரு மீற்றர் பிழை விட்டால், ஒரு மீற்றரை அந்தப் பத்து இலட்சம் கோடியால் பிரியுங்கள்: 0.1 பிக்கோமீற்றர்தான் மிஞ்சும். ஆக, 25 இலட்சம் கிலோமீற்றரில் ஒரு மீற்றர் முன்பின் தெரிந்தால் போதும், பிக்கோமீற்றர் அலையைப் பிரித்தெடுக்கலாம். உங்கள் கேள்விக்கு மறுபாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அந்த ஒரு மீற்றரை லேசரிலேயே ஏற்றிய குறிமுறையின் பயண நேரத்தால் கண்டுபிடிப்பார்கள்.

இரு கலங்களுக்கு இடையில் லேசர்த் தலையீட்டை ஏற்கெனவே செய்துகாட்டியும் இருக்கிறார்கள். 2018 மே 22 இல் ஏவிய கிரேஸ் தொடர் செய்மதிகள், 220 கிலோமீற்றர் இடைவெளியில் நனோமீற்றர் அளவில் ஒன்றையொன்று அளந்தன. பூமியின் நீர் இடம்பெயர்வதை ஈர்ப்பு மாற்றமாகக் காட்டும் செய்மதிகள் அவை. கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு ஆசைதான், ஆனால் அவற்றின் பார்வை சில நூறு கிலோமீற்றருக்குக் கீழே கூர்மையாவதில்லை. வன்னியைத் தனியாகப் பிரித்துக் காட்டாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதுதான் மிகக் கடினமாகத் தோன்றுகிறது. லைகோவில் இரண்டு நிலையங்கள் 3,000 கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன, ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது உள்ளூர்ச் சத்தம் என்று விட்டுவிடலாம். லீசாவுக்குத் துணை இல்லை. தவிர, பால்வீதியின் கோடிக்கணக்கான வெண்குள்ள இரட்டைகள் எந்நேரமும் அலையை அனுப்பிக்கொண்டிருக்கும், அதை நிறுத்திவிட்டுக் கருவியின் இரைச்சலை மட்டும் அளக்க வழியில்லை. பாத்ஃபைண்டரிலும் காரணம் தெளிவாகப் பிடிபடாத திடீர் உதறல்கள் அவ்வப்போது வந்தன. இதற்கு ஓரளவு உதவுவது, ஒளி முக்கோணத்தை இருபக்கமும் சுற்றிவருவதுபோல அளவுகளைச் சேர்க்கும் ஒரு சேர்க்கை. தாழ்ந்த மீடிறனில் அது ஈர்ப்பலைக்குக் கிட்டத்தட்டச் செவிடு. அதில் எது தெரிந்தாலும் பெரும்பாலும் கருவியின் சத்தம்தான். ஆனால் எல்லா வகை இரைச்சலும் அதில் ஒரே அளவில் தெரிவதில்லை, அதனால் அது மட்டும் போதாது.

லீசாவைக் கட்ட 2024 ஜனவரி 25 இல் அனுமதி கிடைத்தது, ஏவத் திட்டமிட்டிருப்பது 2035. அதுவரை ஆய்வாளர்கள் செயற்கைத் தரவில் பழகுகிறார்கள். சங்கிரியா என்ற தொகுப்பில் ஓராண்டுத் தரவு, அதில் வெண்குள்ள இரட்டைகளும் கறுந்துளைகளும் கலந்து கிடக்கின்றன. ஸ்பிரிட்ஸ் என்பதில் உதறல்களும் தரவு விடுபட்ட இடைவெளிகளும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கும், சாதாரண மடிக்கணினியும் பைதனும் இருந்தால் திறந்து பார்க்கலாம். பரீட்சை முடிந்தபின் ஸ்பிரிட்ஸில் தொடங்குங்கள். எச்.எம். கான்க்ரிபோல மீடிறன் முன்கூட்டியே தெரிந்த ஓர் இரட்டையை முதலில் தேடுங்கள். இரைச்சலுக்குள் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதால், அது கிடைக்கிறதா இல்லையா என்பதை நீங்களே சரிபார்க்க முடியும்.